மலைமேல் ஒரு கழித்தல் குறி

1

கல்யாண நாளை மறந்துவிடுகிறேன். மகளின் பிறந்தநாளை ஒருமுறை மறந்து, அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் மலேசியாவுக்கு வந்து சேர்ந்த நாளை மட்டும் மறக்க வழியில்லை. அது கடப்பிதழில் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு இங்குள்ள தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் அது; நம் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய், இன்னமும் அவருடைய மனைவிதான் என்று காட்டி முத்திரை வாங்க வேண்டும். கணவரையும் கையோடு கூட்டிப்போக வேண்டும். சென்ற வாரம் போய் வந்தோம். பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

என் மலாய் சந்தைக்குப் போதும், அலுவலகத்துக்குப் போதாது. ஒருமுறை விசா முடிந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, கணவர் முடிந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அதிகாரிப் பெண் என் பக்கத்தில் நின்றிருந்த அருளப்பனை மேலும் கீழும் பார்த்தார். இந்த முறை அப்படி எதுவும் இல்லை. புகைப்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை என்று கீழே அனுப்பினார்கள், மறுபடி எடுத்துக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான்.

அருளப்பன் என் கணவர். ரிங்லெட் என்ற மலையூரிலிருந்து உள்ளே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், அதாவது அலுவலகக் கணக்கர். அவர் போய்ப் பல காலம் ஆகியும் எங்கள் வீட்டுக்கு இன்னும் கிராணி வீடு என்றுதான் பெயர். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. அங்கே ரொம்பக் குளிரா? நீயும் தேயிலை பறிக்கிறாயா? குளிர்தான். பறிப்பதில்லை. பறிக்கிறவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள், அவர்களும் இப்போது இயந்திரத்தை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எழுந்த ஈர்ப்பு அலைகளைப் பற்றிக் கணக்குப் போடுகிறேன். சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கினால் அதற்கு வேறு முத்திரை வேண்டும்.

போன முறை இதே வரிசையில் நின்றபோது, கைபேசியில் வந்த ஒரு கேள்விக்கு யோசிக்காமல் ஒரு சொல்லில் பதில் அனுப்பினேன். அதனால் சென்னையில் ஒருவனுக்குக் கிடைக்கவிருந்த வேலை ஊசலாடியது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

முதலில் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் இல்லை.

பிரபஞ்சம் பிறந்தவுடன், நொடியில் ஒரு துளியிலும் துளியான நேரத்துக்குள், அது கண்மண் தெரியாமல் விரிந்தது என்பது எங்கள் துறையில் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. அதற்கு இன்ஃப்ளேஷன் என்று பெயர். விலைவாசி ஏறுவதற்கும் அதே பெயர்தான், என்ன செய்வது. அந்த நேரத்தில் வெளி முழுவதும் ஒரு புலம் பரவியிருந்திருக்கலாம். ஆக்சியான் வகைப் புலம் என்போம். ஆக்சியான் என்பது ஒரு சலவைத்தூளின் பெயர். அறிவியல்காரர்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இந்தப் புலம் மெதுவான சரிவில் உருண்டு இறங்குகிறது. இறங்கும்போது, மின்காந்தப் புலத்தின் பங்காளி மாதிரியான இன்னொரு புலத்தைத் திருகிவிடுகிறது. அந்தத் திருகலில்தான் விசேஷம். ஒரு பக்கமாகச் சுழலும் அலைகள் மட்டும் மளமளவென்று பெருகும், மறுபக்கமாகச் சுழல்பவை இருந்த இடத்தில் இருக்கும். பெருகிய அலைகளின் கனத்தில் காலமும் வெளியும் அதிரும். அந்த அதிர்வுதான் ஈர்ப்பு அலை. அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கச் சுழியோடு பிறக்கும். ஈர்ப்பு விசைக்கு இடம் வலம் என்ற பாகுபாடு இல்லை என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். இந்த அலைகள் உண்மையானால் அந்தப் பாடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.

எந்தப் பக்கச் சுழி? அது புலம் எந்தப் பக்கம் உருண்டது என்பதைப் பொறுத்தது, நாம் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். நானும் சரவணனும் விடவில்லை. பிரபஞ்சத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்தது போக, பொருள் கொஞ்சம் மிஞ்சியது. நீங்கள், நான், தேயிலை எல்லாம் அந்த மிச்சம். அந்த மிச்சத்தையும் இதே அலைகள்தான் உண்டாக்கின என்று எடுத்துக்கொண்டால், சுழி எந்தப் பக்கம் என்பது நம் விருப்பம் அல்ல. நாம் இருப்பதே அதைச் சொல்லிவிடும். வானத்திலிருந்து வரும் மிகப் பழைய ஒளியில் அதன் தடம் கூட்டல் குறியோடு இருக்குமா, கழித்தல் குறியோடு இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லலாம். கூட்டல் என்று சொன்னோம். நாளை யாராவது அளந்தால் நாங்கள் சொன்னது சரியா தப்பா என்று முகத்துக்கு நேரே தெரிந்துவிடும். அந்த ஒரு குறிதான் எங்கள் கட்டுரை. மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை.

சரவணன் யார் என்று சொல்லவில்லை. சென்னையில் நான் முனைவர் பட்டம் முடித்துக் கிளம்பிய வருடம் அங்கே மாணவனாகச் சேர்ந்தவன். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நீளமான நடைகூடம் உண்டு, சுவர் முழுக்கக் கரும்பலகை. வேர்வை வழிய நின்று எழுதுவோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று தப்புக் கண்டுபிடித்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் கோபம் வராது. நான் ஊரை நினைத்தால் பிறந்த கோவில்பட்டி நினைவுக்கு வருவதில்லை, அந்தக் கூடம்தான் வருகிறது. இங்கே நான் எழுதுவதைப் பார்த்து நிற்க ஆள் இல்லை. சரவணன் மட்டும் கைபேசியில் நின்றான்.

அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. ஒப்பந்த வேலையிலிருந்து ஒப்பந்த வேலைக்குத் தாவிக்கொண்டிருந்தான். மனைவிக்கு ஏழாம் மாதம். ஒரு நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. அந்தப் பதவிக்கான வயது வரம்பு இந்த ஆண்டோடு தாண்டிவிடும். நேர்காணலில் அவன் பேசப்போவது எங்கள் கட்டுரையைப் பற்றித்தான்.

3

தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டியபின் உருட்டுவார்கள். அதற்கு வட்ட மேசை போல ஒரு இயந்திரம். அதன் மோட்டார் எரிந்து, ஈப்போ நகரத்துக்குப் போய்ப் புதிதாகக் கம்பிச்சுருள் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. அருளப்பன் காலை உணவை மறந்துவிட்டுப் போயிருந்தார், கொடுக்கப் போனேன். அப்போதுதான் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அருளப்பன், அந்தப் பக்கம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் தனபாலன். அவருக்கு அறுபது வயது, அருளப்பனைச் சிறு பிள்ளையிலிருந்து பார்த்தவர்.

"சரியாத்தான் சுத்துது தம்பி! வலது பக்கம் போவுதுலா!" என்று அவர் கத்தினார்.

"எங்கண்ணே வலது? எடதா சுத்துது! ஓஃப் பண்ணுங்க, ஓஃப் பண்ணுங்க!"

நிறுத்தினார்கள். இந்த மோட்டாருக்கு மூன்று கம்பிகள். அதில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும். தனபாலன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். மறுபடி ஓட்டினார்கள். இதற்குள் அருளப்பன் கம்பியைப் பார்க்க அந்தப் பக்கம் போயிருந்தார், தனபாலன் விசையைப் போட இந்தப் பக்கம் வந்திருந்தார்.

"இப்பவும் எடதுதான்!" என்றார் அருளப்பன்.

"யோவ், இப்பதான்யா எடது! மொதல்ல வலதாத்தான் இருந்துச்சு!" என்றார் தனபாலன். பிறகு, "இல்ல இரு. இங்கேருந்து பாத்தா வலது" என்றார்.

கொழுந்துக் கூடையோடு நின்ற வங்கதேசத்துக்காரர் இருவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகுதான் தனபாலன் அருளப்பனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஷாப்ட் தண்டு இருக்குற பக்கம் நின்னு பாக்கணும் தம்பி. நீ காத்தாடிப் பக்கம் நின்னுக்கிட்டு எடது எடதுன்னா? ஒரே சுத்துதான். நீ அங்கேருந்து பாக்குற, நான் இங்கேருந்து பாக்குறேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "நீ சிரிம்மா, ஒனக்கென்ன" என்றார் தனபாலன். டிபனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. படித்த முட்டாள் என்று ஊரில் சொல்வார்களே, அது சும்மா இல்லை.

4

இரண்டு நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தபோது கை நின்றது.

வானத்தை நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம், குடைக்குள் நின்று குடையைப் பார்ப்பது போல. ஆனால் வானத்தின் வரைபடத்தை, மேசைமேல் வைக்கும் பூகோள உருண்டை மாதிரி வெளியிலிருந்து பார்ப்பதாகவும் வரையலாம். ஒளி எந்தச் சாய்வில் அதிர்கிறது என்று கோணம் அளக்கும்போது, உள்ளேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் மறுபக்கம். வானியல்காரர்கள் ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள், எங்கள் ஆட்கள் இன்னொரு முறையை. இரண்டுமே சரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது ஒரு கழித்தல் குறி போட வேண்டும். இதில் தடுக்கி விழாதவர்கள் எங்கள் துறையில் குறைவு.

அலைகளின் கணக்கு நான் போட்டது. வானத்தில் அதன் தடத்தைக் காட்டும் கணினி நிரல் சரவணன் எழுதியது. அவன் ஒரு பக்கம் நின்று எழுதியிருக்கிறான், நான் மறுபக்கம் நின்று எழுதியிருக்கிறேன். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வரி. அந்த வரியில் கழித்தல் குறி இல்லை.

ஈரக் கையோடு கணினியைத் திறந்தேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் கழித்தல்தான் வந்தது. எங்கள் கட்டுரை சொன்ன ஒரே விஷயம், கூட்டல் என்ற அந்த ஒரே விஷயம், தலைகீழ்.

பிறகு பழைய செய்திகளைத் தேடினேன். தேடாமலே தெரியும், இருந்தாலும் தேடினேன். அவன் அனுப்பியிருந்தான்: "அக்கா, சேர்க்குற இடத்துல குறி சரிதானான்னு நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. உங்க பக்கத்து முறை எனக்குச் சரியாத் தெரியாது." அதற்குக் கீழே, நான்கு நிமிடம் கழித்து, என் பதில்: "சரி." முத்திரை வரிசையில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள், கையில் நகல்கள், தோளில் பை. பார்க்கவே இல்லை. பார்த்ததாகச் சொன்னேன்.

இந்தப் பதினாறு வருடத்தில் சொந்தமாக நான் உருப்படியாகச் செய்தது அந்தக் கட்டுரை ஒன்றுதான் என்று அந்த நிமிடம் வரைக்கும் நம்பியிருந்தேன்.

5

அன்று சாயங்காலம் ஏஞ்சல் பள்ளியிலிருந்து வந்தாள். பதினைந்து வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. என்னிடம் தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள், கோபம் வந்தால் மலாய். கோவில்பட்டிச் சொந்தங்களோடு கைபேசியில் பேசச் சொன்னால், ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுவாள்.

புலம்பெயர்ந்து வாழும் பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளின் தமிழைப் பற்றிப் புலம்புகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் தமிழே இங்கே மாறிவிட்டது. போனில் சரவணனிடம் "பசியாறிட்டியா?" என்று கேட்டால், "அக்கா, நீங்க முழு மலேசியாக்காரங்க ஆயிட்டீங்க" என்று சிரிப்பான். ஏஞ்சலிடம் எனக்குப் பட்ட அடி வேறு. அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் தாளில் இயற்பியலை விட்டுவிட்டுக் கணக்கியல் எடுத்திருந்தாள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தும் விட்டாள். எனக்குத் தெரிந்ததே பிறகுதான்.

அன்று அவள் வந்ததும், ஏதோ ஒரு வேகத்தில், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கூட்டல், கழித்தல், குடை, நேர்காணல். அவள் பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டாள்.

"தப்புன்னு யாருக்கும் தெரியாதா மா?"

"தெரியாது."

"எப்ப தெரியும்?"

"வானத்துல அளந்து பார்த்தா. பத்து வருஷம் ஆகலாம். இருபது ஆகலாம். அளக்க முடியாமலே கூடப் போகலாம்."

"அப்ப சொல்லாட்டி அந்த மாமாவுக்கு வேலை கிடைச்சிடும்ல?"

"கிடைக்கலாம்."

"அப்புறம் எதுக்குலா இவ்ளோ டென்ஷன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் கெட்ட பெண் அல்ல. கேள்வி நியாயமானது. நானும் அதையேதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெண் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

அருளப்பனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, வேறு மாதிரிக் கேட்டேன். மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடுவதை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"ஓடும்" என்றார். "கொழுந்து சரியா வராது. எதனாலன்னு தெரியாம ஒவ்வொண்ணையா கழட்டிப் பாத்துக்கிட்டு இருப்போம்." சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தம்பிக்குப் போன் பண்ணிரு செல்வி. இன்னைக்கே பண்ணிரு" என்றார்.

6

நேர்காணலுக்கு ஐந்து நாள் இருந்தது. மலேசியாவுக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அவன் மதியச் சாப்பாடு முடித்திருப்பான் என்று கணக்குப் பண்ணி அழைத்தேன். சுற்றி வளைக்கவில்லை. சேரும் இடத்தில் குறி தப்பு, நீ கேட்டாய், நான் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன்.

இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். மூடுபனி இறங்கினால் இங்கே எல்லாமே போய்விடும்.

"தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"குறி தப்புன்னு. போன மாசம் ஸ்லைடு தயார் பண்றப்ப பார்த்தேன்."

"போன மாசமா? ஏன்டா சொல்லல?"

"சொல்லணும்னுதான் ரெண்டு மூணு தடவை போனை எடுத்தேன். முடியலக்கா. நீங்க அங்க தனியா உட்கார்ந்துக்கிட்டு... உங்களுக்கு இது ஒண்ணுதானே இருக்கு. அதைப் போய் எப்படி..."

எனக்குக் கோபம் வந்தது. தப்புக் கண்டுபிடித்தபோதுகூட வராத கோபம். பதினாறு வருடமாக நான் அந்தக் கூடத்தில் ஒரு ஆளாக நின்று எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவன் என்னை நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி, பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கரும்பலகையில் யார் தப்பு எழுதினாலும் பின்னால் நின்றவன் உடனே சொல்வான். சொல்லாமல் போவது அங்கே அவமானம்.

"என்னை நீ அவ்வளவு லேசா நினைச்சுட்டியா?" என்று கத்தினேன். "நேர்காணல்ல என்ன சொல்றதா இருந்தே?"

"முடியட்டும்னு பார்த்தேன். அது முடிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லி, திருத்தம் போட்டுடலாம்னு."

அவனுடைய ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. அவனுக்காகப் பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் மனம் போனது. அப்படிச் செய்தால், எனக்கு அவன் செய்ததையே அவனுக்கு நான் செய்தவள் ஆவேன்.

"இதோ பார்" என்றேன். "நான் திருத்தம் எழுத ஆரம்பிக்கிறேன். ஆனா உன் நேர்காணலுக்கு முன்னாடி அனுப்ப மாட்டேன். அங்க போய் நீயே சொல்லு. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். அதுக்கு மறுநாள் நான் அனுப்பிடுவேன்."

"சரிக்கா" என்றான். வைத்துவிட்டான்.

7

சொன்னான். நேர்காணல் முடிந்ததும் கூப்பிட்டான்.

"முதல் ஸ்லைடுலயே போட்டுட்டேன்க்கா. வெளியான கட்டுரையில குறி தப்பு, சரியான குறி கழித்தல்னு. தலைவர் சிரிச்சார். இதுல விழாதவன் யாருய்யான்னார். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் ஒருத்தர், எப்ப கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டார்."

"எப்பன்னு சொன்ன?" என்றேன்.

"போன மாசம்னேன். அப்புறம் ஏன் இத்தனை நாள் திருத்தம் அனுப்பலன்னார்."

"என்ன சொன்ன?"

"சோம்பேறித்தனம் சார்னு சொன்னேன்."

"அறிவு கெட்டவனே" என்றேன். "என்னாலன்னு சொல்றதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? மலையில ஒரு அக்கா இருக்காங்க, அவங்க மனசு கஷ்டப்படும்னு பயந்தேன்னா? அது உங்களுக்கு இன்னும் கேவலம் இல்லையா?"

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை. வந்தவர் இவனைவிடக் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் தவறைக் கண்டுபிடித்தும் ஒரு மாதம் மூடி வைத்திருந்த சோம்பேறியை யார் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவராவது நினைத்திருக்க மாட்டாரா? நானாக இருந்தால் நினைத்திருப்பேன். அன்று சமையலறையில் நின்று அழுதேன். அருளப்பன் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

வாக்களித்தபடியே திருத்தத்தை நேர்காணலுக்கு மறுநாள் அனுப்பியிருந்தேன். முடிவு தெரிந்தபின் இதழாசிரியருக்கு மறுபடி எழுதி, கடைசியில் மூன்று வாக்கியங்களைச் சேர்க்கச் சொன்னேன். பிழையை முதலில் கண்டுபிடித்தவர் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர், அதாவது சரவணன், என்பது முதல் வாக்கியம். குறியைச் சரிபார்க்கும் பொறுப்பு முதல் ஆசிரியருடையது, அவர் சரிபார்க்கவில்லை என்பது அடுத்தது. இதழாசிரியர் மரியாதையாகப் பதில் எழுதினார். முதல் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறோம், மூன்றாவது அறிவியல் சார்ந்தது அல்ல, ஆகவே எடுத்துவிடுகிறோம் என்றார். அவர் சொன்னது முறைதான். திருத்தம் இரண்டு வாக்கியங்களோடு வெளிவந்தது.

சரவணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னொரு ஒப்பந்த வேலையில் சேர்ந்திருக்கிறான். நடந்ததைத் தமிழில் எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்க. ஆனா தமிழ்ல எழுதினா அந்தக் கமிட்டி படிக்காதுக்கா" என்றான்.

படிக்க மாட்டார்கள்தான். இருந்தாலும் அச்சில் எங்காவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதழ் எடுத்துவிட்ட அந்த மூன்றாம் வாக்கியம் இது: திருத்தம் ஒரு மாதம் தாமதமானதற்குக் காரணம் சரவணனின் சோம்பேறித்தனம் அல்ல; தவறு என்று சொன்னால் நான் தாங்க மாட்டேன் என்று அவன் பயந்தான்.